வெள்ளைப் பொட்டு வைத்த மூடி

மட்டாஞ்சேரி
18 ஜனவரி 2024

சஃப்வானுக்கு,

சலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று அத்தா வளர்த்துவிட்டார். அதனால் சொல்கிறேன், அஸ்ஸலாமு அலைக்கும். அதற்கு மேல் உன்னிடம் நலம் விசாரிக்க எனக்கு மனம் இல்லை.

உன் நம்பரை ஃபோனில் பிளாக் பண்ணிவிட்டேன். குரலைக் கேட்டால் நான் திட்டுவேன், நீ 'அக்கா, அக்கா' என்று குழைவாய், நான் இளகிவிடுவேன். முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான் ஏமாந்திருக்கிறேன். நீ அவசரமாகக் கோயம்புத்தூருக்குக் கிளம்பியபோது விட்டுப்போன சட்டைகளோடு இந்தக் கடிதத்தையும் வைத்துக் கலூர் ஸ்டாண்டில் பஸ் பார்சல் போடுகிறேன். பதில் எழுதினால் காகிதத்திலேயே எழுது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஒரு தடவை வரிசையாக எழுதுகிறேன். நீயும் படித்துப் பார்.

காலைத் தகுதிச் சுற்றில் தங்கதுரையின் கார் முதலிடம், உன் கார் இரண்டாமிடம். கலூரில் ஒரே அறையில் நாலு பேரோடு தங்கி, வாரத்தில் ஆறு நாள் டைல்ஸ் பதிக்கிற சங்கரன்கோயில்காரன், பிறர் கழித்துப்போட்ட சாமான்களைச் சேர்த்து முடுக்கிய ரிமோட் கார் உன் புதுக் காரை முந்திவிட்டது. பெங்களூர் தேசியப் போட்டிக்கு நம் கிளப்பிலிருந்து ஒரே ஆள்தான். மதியம் ஃபைனலில் ஜெயிக்கிறவர் போகலாம்.

வல்லார்பாடத்தில் நம் ஓட்டப் பாதை மண் வெயில் ஏறினால் காய்ந்து வழுக்கும். அதனால் தங்கதுரையின் காரில் மூன்று டிஃபரன்ஷியலிலும் எண்ணெய் மாற்ற மூன்று குப்பி கலந்து வைத்தேன். முன் டிஃபுக்கு நீலப் பொட்டு, நடுவுக்குச் சிவப்பு, பின்னுக்கு வெள்ளை. எண்ணெய்க் கைபட்டால் ஸ்டிக்கர் நிற்காது என்று நான் மூடியில் நகப் பாலிஷால் பொட்டு வைப்பது கிளப் முழுக்கத் தெரியும். நம் கிளப் ரமேஷ்பாபு தன் காரையும் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார். போகிற அவசரத்தில் மூன்று குப்பியையும் உன் கையில் கொடுத்து, "தங்கதுரைகிட்ட கொடுத்துடு" என்றேன்.

மூன்றாவது ரவுண்டில் பெரிய வளைவில் அவன் கார் வாலை வீசியது. தடுப்புக் குழாயைத் தாண்டிப் போய்க் கம்பத்தில் அடித்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் கை ஒடிந்தது, அடித்தகடு வளைந்தது. நீ ஜெயித்தாய்.

பிறகு எல்லோர் முன்னாலும் அவன் பின் டிஃபைத் திறந்தார்கள். ரமேஷ்பாபு ஸ்க்ரூடிரைவரை விட்டு எடுத்தார். எண்ணெய் தேன் மாதிரி நூல் விட்டது. நம்பர் ஏறினால்தான் எண்ணெய் கெட்டிப்படும், பின்னுக்கு நான் கலந்த ஐயாயிரம் நம்பர் அப்படி நூல் விடாது என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என் கை தவறிடுச்சு" என்று நான்தான் சொன்னேன். தங்கதுரையிடம் மன்னிப்பு கேட்டேன். நீ என் தோளைத் தட்டி, "போட்டே அக்கா, யாருக்கும் பற்றும்" என்றாய், யாருக்கும் நடக்கக்கூடியதுதானாம்.

நேற்று தங்கதுரை குப்பிகளைத் திருப்பிக் கொடுக்க வந்தான். அவன் போன பிறகு வெள்ளைப் பொட்டுக் குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். எங்கள் மசாலா கோடவுனில் சாம்பிளுக்குச் சரக்கு எடுத்தால் மூடியில் ஒரு குறி, அடியில் ஒரு குறி வைப்போம். மூடி மாறிப்போகும், அடி மாறாது. பதினோரு வருஷப் பழக்கம் கைவிட்டுப் போகுமா? நான் ஒவ்வொரு எண்ணெய்க் குப்பிக்கு அடியிலும் ஊசியால் நம்பர் கீறி வைக்கிறேன். குப்பியை ஒருநாளும் கழுவி வைத்தவன் இல்லை நீ. உனக்கு எங்கே தெரியப்போகிறது?

வெள்ளைப் பொட்டு மூடிக்குக் கீழே இருந்த குப்பியின் அடியில் இருபது என்று இருக்கிறது. இருபதாயிரம். அது பச்சைப் பொட்டு வைத்து நான் உனக்குக் கொடுத்த குப்பி. நீ விட்டுப்போன டூல் பெட்டியைத் திறந்தேன். உன் பச்சைப் பொட்டு மூடிக்குக் கீழே ஐந்து என்று கீறிய குப்பி நிறைய எண்ணெயோடு உட்கார்ந்திருக்கிறது.

எனக்குக் குமட்டிவிட்டது, சஃப்வான். நிஜமாகவே வாஷ்பேசினுக்கு ஓடினேன். வளைவில் உள் சக்கரத்தையும் வெளிச் சக்கரத்தையும் அதனதன் வேகத்தில் சுற்ற விடுவதுதான் டிஃபின் வேலை. பின்னால் எண்ணெய் அவ்வளவு கெட்டியானால் இரண்டும் பூட்டிக்கொண்டு வால் சுற்றிப் போகும் என்பதை உனக்குச் சொன்னதே நான்தான். அதை எடுத்துத்தான் நீ அவனை அடித்திருக்கிறாய்.

ரமேஷ்பாபுவுக்கு நடந்ததை எழுது. என் கை தவறவில்லை என்று எழுது. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஆஷிஃபா


உக்கடம், கோயம்புத்தூர்
24 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். சட்டைகள் வந்தன. நன்றி. என் தமிழ் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, மலையாளம் படித்த கை.

நீ எழுதியதைப் படித்து எனக்கு ரொம்ப விஷமமாக, மனசு கஷ்டமாகப் போய்விட்டது. உன் தம்பியைப் பற்றி நீயே இப்படி நினைக்கலாமா? அன்று கார் தயார் பண்ணுகிற பிட்டில் எவ்வளவு கூட்டம் என்று உனக்குத் தெரியும். ஒரே மேசையில் நாலு பேர் குப்பி. மூடி கழன்று உருண்டிருக்கும். யாரோ எடுத்து எதிலோ மாட்டியிருப்பார்கள். அல்லது நீயே அவசரத்தில் மாற்றி ஊற்றியிருப்பாய். முந்தின நாள் கோடவுனில் சரக்கு ஏற்றுமதி என்று நின்று நின்று கால் வீங்கி வந்தாயே, மறந்துவிட்டாயா? அடியில் கீறியதும் அதே கைதானே? அதுவும் தவறலாமே?

யாரும் உன்மேல் கோபப்படவில்லை. ரமேஷ்பாபு சேட்டன் எனக்கு ஃபோனில் சொன்னார், "ஆஷிஃபாவுக்கு மனசு சங்கடமா இருக்கும், நீ ஒண்ணு பறஞ்ஞு சமாதானப்படுத்து" என்று. எல்லோரும் மறந்துவிட்ட விஷயத்தை நீ எதற்குக் கிளறுகிறாய்? தங்கதுரை சின்னப் பையன் இல்லை, அவனுக்கு அடுத்த வருஷம் இருக்கிறது.

இங்கே குளிராக இருக்கிறது. கம்பெனியில் பெங்களூர் போக நாலு நாள் லீவு கொடுத்துவிட்டார்கள். என் நம்பரைத் திறந்து விடு அக்கா.

உன் சஃப்வான்


மட்டாஞ்சேரி
29 ஜனவரி 2024

சஃப்வான்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைக்கப் பிடிக்காமல் சமையல் மேடையில் எறிந்தேன். மீன் கழுவிய தண்ணீர் அதன்மேல் தெறித்தது. எடுத்துத் துடைக்கத் தோன்றவில்லை.

கால் வீங்கியதாம். என் கால் வீங்கியதை நீ பார்த்தாய் என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாய், இப்படி ஒருநாள் என் முகத்தில் வீச. சீ.

மூடி கழன்று உருண்டதாம். உருண்ட மூடி, எண்ணெய் நிறைந்த உன் குப்பியைத் தேடிப்போய் மாட்டிக்கொண்டதாம், உன் மூடி அவன் குப்பியில் மாட்டிக்கொண்டதாம், பிறகு அந்தக் குப்பி தானே நடந்து உன் டூல் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டதாம். பொய் சொல்கிறவன் கொஞ்சம் உழைத்தாவது சொல்ல வேண்டும்.

கீறியதும் தவறியிருக்கலாம் என்றாய். அதையும் பார்த்துவிட்டேன். இரண்டு குப்பியையும் சேர்த்துப் பிடித்துச் சாய்த்தேன். ஐந்து என்று கீறியதில் காற்றுக் குமிழி சட்டென்று ஏறிவிட்டது. இருபது என்று கீறியதில் நான் மெதுவாகப் பதினேழு எண்ணும்வரை ஏறிக்கொண்டே இருந்தது. நம்பர் சரி. கை சரி. மூடிதான் பொய்.

யாரும் கோபப்படவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது உண்மை. கோபப்பட்டிருந்தால் தேவலை. நேற்று கிளப்புக்குப் போனேன். ஐந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என் மேசையில் ஆறேழு டிஃப் வரிசையில் இருக்கும். நேற்று ஒன்றுகூட வரவில்லை. "இன்னைக்கு அவசரமில்லை சேச்சி", "நான் வீட்டிலேயே ஊத்திட்டேன் சேச்சி" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ரமேஷ்பாபு சாயா வாங்கிக் கொடுத்து, "இனிமே குப்பியில நான் நம்பர் எழுதித் தரட்டே?" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

தங்கதுரை காரோடு வரவில்லை, வெறுங்கையோடு வந்தான். காரைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டானாம். எனக்கு ஆறுதல் சொல்வதற்காகக் கலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். "யக்கா, நீங்க ஒண்ணும் வெசனப்படாதிய. மனுசக் கைதான? நான் ஒரு வாட்டி சாமி ரூமுக்குப் போடுற டைல கக்கூஸ்ல பதிச்சிட்டேன், அந்த வீட்டம்மா எம்புட்டு ஏசுனாங்க தெரியுமா" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஏன் அவனிடம் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்கலாம். நான் சொன்னால் என்ன ஆகும்? தப்புச் செய்தவள், தம்பி ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவன்மேல் பழியைத் தள்ளுகிறாள் என்பார்கள். ஊசிக் கீறலை நானே பிறகு போட்டேன் என்பார்கள். உன் வாயிலிருந்து வந்தால்தான் என் கைக்குப் பிடித்த கறை போகும். எழுது.

ஆஷிஃபா


உக்கடம்
6 பிப்ரவரி 2024

அக்கா,

ஆமாம், நான்தான் மாற்றினேன்.

நாலு நாளாக இந்த ஒரு வரியை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டேன். இனி நான் சொல்வதையும் கேள்.

காலையில் தங்கதுரை ஒவ்வொரு ரவுண்டிலும் என்னைவிட அரை நொடி வேகமாக வந்தான். அவன் கார் என் காரைவிட நல்லதா? இல்லை. அவன் என்னைவிட நன்றாக ஓட்டுகிறானா? அதுவும் இல்லை. அவன் கார் வளைவில் அப்படி ஒட்டிக்கொண்டு திரும்பியது உன் எண்ணெயால். முதல் நாள் சாயங்காலம் முழுக்க அவனுக்கென்று உட்கார்ந்து காலைக்கும் மதியத்துக்கும் தனித்தனியாகக் கலந்தாய், சாய்த்தாய், மறுபடி கலந்தாய். எனக்கு? "உனக்குப் போன மாசம் ஊத்தினதே போதும்" என்றாய். உன் சொந்தத் தம்பிக்கு மிச்சம், வழியில் போகிறவனுக்குப் புதுசு. அதை நீ கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன்.

குப்பியை நீ என் கையில் கொடுத்தபோது நான் ஒன்றும் திட்டம் போடவில்லை. பத்து அடி நடப்பதற்குள், பையில் கிடந்த என் குப்பியை எடுத்துக் கை மூடியை மாற்றித் திருகிவிட்டது. அவ்வளவுதான். அவன் கார் ஒடியும் என்று சத்தியமாக நினைக்கவில்லை, நாலாவதோ ஐந்தாவதோ வருவான் என்று நினைத்தேன். நீ எல்லோர் முன்னாலும் பழியை ஏற்பாய் என்றும் நினைக்கவில்லை. ஏற்ற பிறகு நான் வாய் திறக்க முடியாமல் ஆகிவிட்டது.

ரமேஷ்பாபு சேட்டனிடம் சொல்கிறேன். பெங்களூர் முடியட்டும். இப்போது சொன்னால் இடத்தைப் பிடுங்கிவிடுவார்கள், தங்கதுரையின் காரோ உடைந்து கிடக்கிறது, அவனும் போக முடியாது, யாருக்கும் லாபமில்லை. பிப்ரவரி 25 போட்டி. மறுநாளே சொல்கிறேன்.

இந்தப் பார்சலில் என் மூன்று டிஃபையும் கழற்றி அனுப்பியிருக்கிறேன். திட்டாதே. இங்கே நானே எண்ணெய் மாற்றிப் பார்த்தேன், முன்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது, பின்பக்கம் வழுக்குகிறது. நீ ஊற்றினால்தான் அது கார். இந்த ஒரு தடவை மட்டும் அக்கா.

சஃப்வான்


மட்டாஞ்சேரி
15 பிப்ரவரி 2024

சஃப்வான்,

பார்சலைப் பிரித்ததும் முதலில் கடிதத்தைப் படித்தேன். பிறகு அந்த மூன்று டிஃபையும் மூடி, வெளியே படிக்கட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். வீட்டுக்குள் வைக்கப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் அங்கேயே கிடந்தன. கீழ்வீட்டு அம்மிணி சேச்சி, "எந்தா மோளே, வெங்கலச் சாமானா, யாராவது எடுத்துட்டுப் போகும்" என்று திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்.

திறந்தேன். உன் எண்ணெய் கறுத்து, உலோகத் தூள் மினுங்க, சாக்கடை மேல் படிகிற படலம் மாதிரி இருந்தது. டிஃபைத் திறந்து கழுவாமலே புது எண்ணெயை மேலே ஊற்றியிருக்கிறாய். இதைக்கூட உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன், அந்த வழவழப்பு போகவே இல்லை. அதே கையால் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன்.

தங்கதுரைக்கு உசத்தி, உனக்கு மிச்சம் என்று எழுதியிருக்கிறாய். எண்ணெயில் உசத்தி, தாழ்த்தி என்று எதுவும் இல்லை. விரலுக்குத் தகுந்த எண்ணெய் என்றுதான் உண்டு. நீ ரிமோட்டின் டிரிக்கரைக் குத்துகிறவன். உன் காருக்கு நடுவில் கெட்டியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீ குத்துகிற குத்தில் வேகமெல்லாம் முன் சக்கரத்துக்கு ஓடிவிடும். அதை மூன்று வருஷம் முன்பே கண்டுபிடித்து உனக்குப் பொருத்தினேன். அதனால்தான் மாற்றத் தேவை இருக்கவில்லை. அவன் மெதுவாக அழுத்துகிறவன், டைல் பதிக்கிற கை, ஒவ்வொரு மில்லிமீட்டராகப் போகும். அவன் விரல் எனக்குப் புதுசு. அதனால் ஒரு சாயங்காலம் ஆனது. உனக்காகச் செலவான சாயங்காலங்களை நீ எண்ணவே இல்லை.

உன் டிஃப்கள் தயார். முன்னே ஏழாயிரம், நடுவில் பத்தாயிரம், பின்னே நாலாயிரம். பெங்களூரில் காலையில் குளிரும், எண்ணெய் தானாகவே கொஞ்சம் கெட்டிப்படும், அதனால் பின்னுக்கு ஆயிரம் குறைத்தேன். பல்சக்கரமெல்லாம் கழுவி, காற்றுக் குமிழ் அடங்க அரை நாள் திறந்து வைத்து, ஏலக்காய் நிறுக்கிற தராசில் நிறுத்து மூடினேன். மதியம் வெயிலில் மண் காய்ந்தால் பின் டிஃபை மட்டும் திறந்து மாற்று. அதற்கு மூவாயிரம் ஒரு குப்பி தனியாக வைத்திருக்கிறேன். வெள்ளைப் பொட்டு.

சரியாகத்தான் செய்திருக்கிறேன். உன்மேல் பாசம் பொங்கி அல்ல. எனக்குத் தப்பாகச் செய்ய வராது, அதுதான் விஷயம். அதைத்தான் நீ கிளப்பில் பொய்யாக்கி வைத்திருக்கிறாய்.

26ஆம் தேதி சொல்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். காகிதம் என்னிடம் இருக்கிறது.

ஆஷிஃபா


உக்கடம்
27 பிப்ரவரி 2024

அக்கா,

பன்னிரண்டு பேரில் பத்தாவதாக வந்தேன்.

காலைத் தகுதிச் சுற்றில் மூன்றாவது. பொய் இல்லை. உன் டிஃபைப் போட்டதும் கார் என் விரலுக்குள் வந்துவிட்டது. சென்னைக்காரர் ஒருவர் என் மேசைக்கு வந்து, "பின்னாடி என்ன நம்பர் ஊத்தியிருக்கீங்க?" என்று கேட்டார். எங்க அக்கா ஊத்தினது என்று சொன்னேன். சொல்லும்போது பெருமையாக இருந்தது.

மதியம் நீ எழுதியபடியே மண் காய்ந்தது. எல்லோரும் எண்ணெய் மாற்றினார்கள். நானும் பின் டிஃபைக் கழற்றி வைத்து, வெள்ளைப் பொட்டுக் குப்பியைக் கையில் எடுத்தேன்.

எடுத்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. அக்காவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? காலையில் நன்றாக ஓடவிட்டு, மதியம் கவிழ்க்கிறது. நான் செய்த அதே வேலை, அதே பொட்டு. அடியைத் திருப்பிப் பார்த்தேன், மூன்று என்று கீறியிருந்தது. கீறியதும் நீதானே? நீ எதை வேண்டுமானாலும் கீறலாமே? சாய்த்துப் பார்த்தேன். குமிழி ஏறியது. வேகமாக ஏறியதா, மெதுவாக ஏறியதா என்று எனக்குப் புரியவில்லை. இத்தனை வருஷமும் பொட்டின் நிறத்தைப் பார்த்து ஊற்றியவன் நான்.

அங்கே கழிவறைக்குப் போய்க் குப்பியைத் தொட்டியில் கவிழ்த்தேன். பழைய எண்ணெயோடே டிஃபை மாட்டி ஓடினேன். இரண்டாவது வளைவிலேயே வால் போய்விட்டது.

ஊருக்கு வந்ததும் குப்பியில் ஒட்டிக்கிடந்ததைக் கடையில் வாங்கிய மூவாயிரத்தோடு பக்கத்தில் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு குமிழியும் சேர்ந்தே ஏறின. நீ சரியாகத்தான் கொடுத்திருந்தாய்.

இதோடு ரமேஷ்பாபு சேட்டனுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், ஒன்றையும் மறைக்கவில்லை. நீயே அவரிடம் கொடுத்துவிடு. என்னால் அந்த ஆள்களின் முகத்தைப் பார்க்க முடியாது.

சஃப்வான்


மட்டாஞ்சேரி
2 மார்ச் 2024

சஃப்வான்,

நீ ரமேஷ்பாபுவுக்கு எழுதிய கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன்.

தங்கதுரையின் காரைக் கவிழ்த்தாய் என்று தெரிந்தபோது குமட்டியது. என் கால் வீக்கத்தைச் சாட்சிக்கு இழுத்தபோது வெறுப்பு வந்தது. ஆனால் இந்தக் கடிதம் போல எதுவும் என்னை அசிங்கப்படுத்தவில்லை. நீ செய்ததை நானும் செய்வேன் என்று நினைத்திருக்கிறாய். உன் மூன்றாவது வயதிலிருந்து உனக்குச் சோறு ஊட்டிய கை இது. அது உனக்கு விஷம் வைக்கும் என்று பயந்து கக்கூஸ் தொட்டியில் ஊற்றியிருக்கிறாய். ஊற்றும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்திருப்பாய்.

உண்மையைச் சொன்னால், அந்தக் குப்பியை நீ நம்பி ஊற்றியிருந்தால், தோற்றிருந்தாலும், நான் உன்னை மன்னித்திருப்பேன். என் தம்பிக்காவது என் கையைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். கிளப் என்ன சொன்னால் என்ன என்று விட்டிருப்பேன்.

இப்போது கடிதத்தையும் என் கையிலேயே கொடுத்து அனுப்பச் சொல்கிறாய். குப்பியைக் கொண்டுபோய்க் கொடு என்று உன்னிடம் நான் கொடுத்தேன், நீ வழியில் மாற்றினாய். இனி உனக்கும் எனக்கும் நடுவில் யாரும் எதையும் யார் மூலமும் கொடுத்தனுப்ப வேண்டாம். மார்ச் 10 ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோரும் இருப்பார்கள். தங்கதுரையை நான் வரச் சொல்கிறேன். நீ வா. உன் வாயால் சொல்.

வராவிட்டால் இந்த வீட்டுப் படி மிதிக்காதே. நோன்புக்கும் வராதே, பெருநாளைக்கும் வராதே.

ஆஷிஃபா


உக்கடம்
6 மார்ச் 2024

அக்கா,

ஞாயிறு காலை வருகிறேன். கார் எடுத்துவரவில்லை.

தங்கதுரை அடிப்பானா? அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். அடிக்காவிட்டால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

சஃப்வான்


மட்டாஞ்சேரி
11 மார்ச் 2024

சஃப்வானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாளையோ மறுநாளோ நோன்பு. மனதில் எதையும் வைத்துக்கொண்டு நோன்பு பிடிக்கக் கூடாது என்பதற்காக, நீ போன பிறகு நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நீ நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, நாலு வாக்கியம், அதுவும் பாதி மலையாளத்தில். தங்கதுரைக்குப் புரிய வேண்டுமே என்று தமிழில் மறுபடி சொல்லச் சொன்னது நான்தான். சொன்னாய். அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நீ பயந்த மாதிரி அவன் அடிக்கவில்லை. "அண்ணே, அன்னிக்கி ஒடஞ்ச வண்டியப் பொறுக்கி எடுத்துக் கொண்டாந்து எங்கையில குடுத்தது நீங்கதான?" என்று கேட்டான். நீ தலையாட்டினாய். "சரிண்ணே" என்றான். அதற்குப் பிறகு நீ நின்றாயா? ஆட்டோ பிடித்து ஓடிவிட்டாய்.

நீ போனதும் கூட்டம் முழுக்க என்னைச் சுற்றிக்கொண்டது. ரமேஷ்பாபு கண் கலங்கி, "சேச்சி, நாங்க சம்சயப்பட்டுட்டோம், க்ஷமிக்கணும்" என்றார். வீட்டிலேயே ஊற்றிக்கொண்டவர்கள், அவசரமில்லாதவர்கள் எல்லோருக்கும் திடீரென்று டிஃப் சரியில்லாமல் போய்விட்டது. ஒருவர் பின் ஒருவராக என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். எட்டு வாரம் ஒருத்தராவது, "ஆஷிஃபா கை அப்படித் தவறாதே" என்று வாய் திறந்து கேட்டதுண்டா? எனக்கு அவர்கள்மேலும் வெறுப்பு வந்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போல, பக்கத்து யார்டில் லாரி கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தங்கதுரை வெளியே போய்விட்டான். அவனும் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். நான் குப்பிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். இனி இங்கே வரவே வேண்டாம் என்று இருந்தது. மதிய வெயிலில் திரும்பி வந்தான், சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கிடந்தது. கலூருக்குப் போய்ப் பரணிலிருந்து சாக்கை இறக்கியிருக்கிறான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதிலிருந்து மூன்று டிஃபையும் எடுத்து, என் மேசையில் ஒவ்வொன்றாக வைத்தான். ரமேஷ்பாபு நம்பர் எழுத ஸ்டிக்கரை நீட்டினார். "அதெல்லாம் வேண்டாண்ணே, யக்காவுக்குத் தெரியும்" என்றான்.

பின் டிஃபைத் திறந்து கழுவிவிட்டேன். குமிழ் அடங்க வைத்திருக்கிறேன். நீ நோன்பு திறக்க எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வா, கஞ்சி இருக்கும்.

உன் டிஃபை மட்டும் அனுப்பாதே. இனி அதில் நான் கை வைக்க மாட்டேன்.

ஆஷிஃபா